வோல்ட்டரின் வோட்டும் நான் சொன்ன பொய்யும்

1. வாசலில்

வோல்ட்டர் வீட்டுக்குப் போன முதல் நாள் அவர் என்னை ஐந்து நிமிடம் வாசலிலேயே நிற்க வைத்தார். நான் செய்த குற்றம், அவரை மரியாதையாக 'ஹெர்', அதாவது 'திரு', போட்டுக் கூப்பிட்டது.

"எனக்கு மேல ஆளும் இல்லை, கீழ ஆளும் இல்லை. வோல்ட் எண்டு கூப்பிடும். இல்லாட்டித் திரும்பிப் போம்" என்றார். அவர் அமெரிக்க வாடை அடிக்கும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

எண்பது வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழும்புமா? கடைசியில் "வோல்ட் ஐயா" என்று ஒப்பேற்றினேன். ஐயா என்றால் என்ன என்று கேட்டார். சிநேகிதன் என்று அர்த்தம் என்றேன். பாருங்கள், முதல் நாளே பொய்.

நான் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். ஒரு காலையில் போகவேண்டிய வீடுகளின் வரிசையை ரூர் என்போம். என் ரூரில் வோல்ட்டர் இரண்டாவது வீடு. வீங்கிய கால்களுக்கு இறுக்கமான நீளக் காலுறை போட்டுவிட வேண்டும், மருந்து குடித்தாரா என்று பார்க்க வேண்டும், டோக்கு எழுத வேண்டும். டோக்கு என்றால் செய்த வேலையைப் பதியும் கொப்பி. பதினெட்டு நிமிடத்தில் முடித்து அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும்.

அவர் ஒஹாயோக்காரர். இளம் வயதில் அமெரிக்கப் படையோடு ஜெர்மனிக்கு வந்து, ஹம் பெண் ஒருத்தியைக் கட்டி, லொறி திருத்துபவராக இங்கேயே நின்றுவிட்டார். ஆனால் அமெரிக்கக் குடியுரிமையை விடவில்லை. அரசாங்கம் என்றாலே அவருக்குச் சந்தேகம். பராமரிப்புக் காப்புறுதி உதவிக்கு அன்ராக் என்கிற விண்ணப்பம் போடவே ஒரு வருடம் மறுத்தவர். "ஒருத்தரிட்டையும் கை நீட்டாமல் இருக்கிறதுதான் சுதந்திரம்" என்பார். நானோ இலங்கையிலிருந்து அகதியாக வந்து, இந்த நாட்டு அரசாங்கம் தந்த அறையில், அரசாங்கம் தந்த போர்வைக்குள் படுத்து எழும்பி ஆளானவள். அவர் கதைக்கும்போது அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன்.

2. கரோல்

அவருடைய மனைவி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஒரே மகள் கரோல். ஒஹாயோவில் பள்ளிக்கூட ஆசிரியை. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று வோல்ட்டரே அவளுடைய பெயரை எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். அதனால் அவள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை என் வேலைத் தொலைபேசிக்கு எடுப்பாள். எனக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம் இருந்தது. அப்பா சாப்பிடுகிறாரா, கால் எப்படி, நித்திரை கொள்கிறாரா என்று எல்லாம் கேட்பாள். அப்பாவோடு மட்டும் கதைக்கமாட்டாள்.

காரணம் அரசியல். தாயின் செத்தவீட்டுக்கு வந்த மகளும் தகப்பனும், அடக்கம் முடிந்து சாப்பாட்டு மேசையில் தேர்தலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சூப் ஆற முன்னம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டாள். அவள் ஒரு கட்சி, அவர் மற்றக் கட்சி. யார் எந்தக் கட்சி என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் அவரை வெறுப்பீர்கள், மற்றப் பாதி அவளை. அதற்குப் பிறகு என் கதை எதற்கு?

அரசியலால் சொந்தம் முறிவதை நாங்கள் பார்க்காததா? இயக்கப் பிரச்சினையில் கதை நின்றுபோன அண்ணன் தம்பிமார் எங்கள் சனத்திலும் எத்தனையோ பேர். ஆனாலும் நல்லதுக்கு வராதவர்கள் கெட்டதுக்கு வருவார்கள். ஹம்மில் இருக்கிற எங்கள் ஊன்ட்றொப் கோயில் தேருக்குப் போனால், ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காதவர்களும் அன்னதானத்துக்கு ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். செத்தவீட்டிலேயே தொடங்கிய சண்டையை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வோல்ட்டர் மகளைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஆனால் அவள் எடுத்த அடுத்த நாள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார். "ஒஹாயோவில இப்ப குளிராயிருக்கும்" என்பார். "ஓம், ஸ்னோ கொட்டுதாம்" என்பேன். அவ்வளவுதான். இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்க, தகப்பனும் மகளும் என் வாயால் காலநிலை மட்டும் கதைத்தார்கள்.

3. நாலு சொல்

அமெரிக்கத் தேர்தல் வந்தது. தபாலில் வந்த வாக்குச் சீட்டை நிரப்பும்போது என்னை முன்னறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்.  பிறகு கதவைத் திறந்து, ஒட்டிய உறையைத் தந்தார். அன்றைக்கு மட்டும் சேட்டுக்குக் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்தார். நான் அதைத் தபால் பெட்டியில் போட்டேன்.

முடிவுகள் வந்து சில நாளில் கரோல் எடுத்தாள். கால், சாப்பாடு, நித்திரை எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தினாள். "சறோ, அப்பா இந்த முறையும் அந்தக் கட்சிக்குத்தானே போட்டவர்?"

அவர் பழைய கட்சிக்குத்தான் போட்டார் என்பது எனக்குத் தெரியும். கிழமை முழுக்க அதைத்தானே பீற்றிக்கொண்டிருந்தார். ஆனால் உறை ஒட்டியாயிற்று, கடல் தாண்டியாயிற்று. இனி யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் ஒரேயொரு பொய்தானே சொல்லப்போகிறேன்.

"இல்லை. இந்த முறை மாறிட்டார்" என்றேன்.

 அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்று பின்னேரம் பேக்கரியில் எனக்கு நானே ஒரு கேக் துண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலும் கதவைத் திறக்க ஆளில்லை. பிரிந்திருந்த ஒரு குடும்பத்தைச் சேர்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாமல் தனிய இருந்து அந்தக் கேக்கைச் சாப்பிட்டேன்.

4. செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய இடது காலுக்குக் காலுறை ஏற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுத் தொலைபேசி அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் சத்தமாகக் கேட்கிற பொத்தானை அமத்துவார்.

"அப்பா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த குரல். 

"சறோ சொன்னா, நீங்கள் இந்த முறை மாத்திப் போட்டனீங்கள் எண்டு. அப்பா, எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ?"

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். நான் நிலத்தில் முழந்தாளில் இருந்தேன். ஓம் என்று சொல்லுங்கோ ஐயா, ஒரு சொல்தானே என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் 'ஓம்' என்றால் மகள் கிடைத்துவிடுவாள்.

"அவ சொன்னது பொய்" என்றார் வோல்ட்டர். "நான் எப்பவும் போடுற ஆக்களுக்குத்தான் போட்டனான். நீ அந்த மாறின மனுசனோட கதைக்க எடுத்திருந்தால், அப்பிடி ஒருத்தர் இங்க இல்லை. உன்ரை அப்பாவோட கதைக்க எடுத்திருந்தால், நான் இருக்கிறன்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு லைன் அறுந்தது.

"ஐயா, நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினேன்.

"நீர் என்ரை வோட்டை எடுத்திட்டீர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "கால் போயிட்டுது, காது போயிட்டுது, மனிசி போயிட்டா. என்ரை எண்டு இருந்தது அது ஒண்டுதான். நான் நினைக்கிறதை நான்தான் சொல்லவேணும்."

வலது காலுறையைத் தானே போடப் பார்த்தார். கை எட்டவில்லை. உதவவும் விடவில்லை. டோக்கில் 'வலது கால் மறுத்தார்' என்று எழுதிவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

அடுத்த நாள் பொறுப்பாளர் சபீனா கூப்பிட்டாள். அவர் ஆளை மாற்றச் சொல்லியிருந்தார். சபீனா எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தாள். "சறோ, உனக்கு அவரில இரக்கம் எண்டு தெரியும். ஆனால் அவர் சொல்லாததை நீ எப்பிடி அவரின்ரை பேரில சொல்லலாம்?" என்றாள்.  அப்போது மனதுக்குள் இந்த வெள்ளைக்காரருக்குப் பாசத்தை விடக் கட்சி பெரிது என்று திட்டினேன். அது பிழை. கட்சியை அவர் அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. பொய்யான வோல்ட்டர் ஒருவருக்குக் கிடைக்கிற பாசம் அவருக்கு வேண்டாமாக இருந்தது. எனக்கு அது விளங்க நாள் எடுத்தது.

5. மொனிக்கா சொன்னது

என் இடத்துக்குப் போலந்துக்காரி மொனிக்கா போனாள். நல்ல பிள்ளை, கைச்சுத்தம். ஆங்கிலம் மட்டும் ஒரு சொல்லும் தெரியாது. நான் அவருடைய தெருவைத் தவிர்த்து வேறு தெருவால் சுற்றிப் போகப் பழகினேன்.

மாசி மாதம் அவர் இதயம் பலவீனமாகிப் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று கையெழுத்து வைத்தாராம். ஒன்பதாம் நாள் உயிர் போய்விட்டது. மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் மொனிக்கா என்னிடம் சொன்னாள்: "கடைசி மூண்டு நாளும் டொச்சை விட்டிட்டார். ஆங்கிலத்தில ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு 'ஓம், ஓம்' எண்டு மட்டும் சொன்னனான்."

இரண்டு நாள் கழித்துக் கரோல் எடுத்தாள். தகப்பனின் வீட்டுக்குள் இருந்து கதைத்தாள். சத்தம் வெறும் வீட்டுச் சத்தமாக இருந்தது.

"சறோ, இந்த முறை உண்மையைச் சொல்லுங்கோ. அப்பா கடைசியில என்னைக் கேட்டவரோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் அங்க இருக்கேல்லை."

"ஏன்? நீங்கள்தானே அவரோட..."

"நான் சொன்ன பொய்யால என்னை அனுப்பிட்டார்."

மொனிக்கா சொன்னதையும் சொன்னேன். ஒரே வசனம் என்று. எந்த வசனம் என்று கேட்டாள். ஆங்கிலம் விளங்கக்கூடிய நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அவளுக்குப் பதில் கிடைத்திருக்கும். அவர் மகளைக் கேட்டதாகவும் இருக்கலாம், தண்ணீர் கேட்டதாகவும் இருக்கலாம்.

"அப்ப ஆருக்குத் தெரியும்?" என்றாள் கரோல்.

ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் போகிற வீட்டில் சண்டை இருந்தால் இருக்கட்டும். அதைத் தீர்த்து வைக்கப் போகாதீர்கள். கடைசி நாளில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கவேண்டும்.