மாதா கையில் உடைந்த வளையல்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக் கடையில் மகளின் வளைகாப்புக்கு வளையல் பார்த்தபோது ஒன்று கைதவறி உடைந்தது. ஏற்கெனவே ஒருமுறை கரு கலைந்தவள், முகம் வெளுத்துவிட்டாள். எனக்கோ அந்தச் சத்தத்தில் எங்கள் ஊர்ப் பழைய மாதா கோவில் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, கிறிஸ்துமஸ் குடிலுக்கு இறக்கிய வைக்கோலும் மெழுகுவர்த்தியும் மணக்கும் ஒரு டிசம்பர். பிள்ளைத்தாய்ச்சியின் வளையலை முதலில் மாதா சுரூபத்துக்குப் போட்ட பிறகுதான் அவளுக்குப் போடுவோம். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த என் சித்தி, மேடிட்ட வயிற்றோடு நின்றாள். மாதாவின் குவித்த கைகள் இரண்டிலும் சேர்த்து என் அம்மா வளையலைத் திணிக்க, அது உடைந்து தெறித்தது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சித்தி மட்டும் சிரித்தாள். "மாதாவுக்கே வெலங்கு மாட்டப் பாத்தீகளாக்கும்? ஒடஞ்சது வளவிதானேக்கா. எம்புள்ள வந்துரும். பெரிய அளவாப் போடுங்க."

அடுத்தது வழுக்கிக்கொண்டு இறங்கியது.

கடை வாசலில் ஆட்டோவில் காத்திருந்த என் தம்பி கத்தினான். "என்னக்கா, கடையவே வாங்குறீகளா?"

எல்லாம் சொல்லிவிட்டு மகளிடம் அவனைக் காட்டினேன். "அந்தா கத்துறானே ஒங்க மாமன், அவந்தாண்டி சித்தி வயித்துல இருந்த புள்ள."

மகள் கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, பெரிய அளவா எடுங்க."

மறுநாள் மாதாவுக்குப் போட்டு, அவளுக்கும் போட்டோம்.