மாடியிலிருந்து வந்த மூன்று பதிவுகள்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். ஒன்பது பதிவுகளும் இன்னும் என் கணினியில் இருக்கின்றன. பேய் என்று யாராவது தொடங்கினால், "விசர்க் கதை கதையாதேங்கோ" என்று வாயடைக்கிற ஆள் நான்.

2017 பெப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை. பேர்ண் நகரில் கட்டடங்களை அளந்து வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் இருந்தேன். மனைவி தக்ஷிகாவின் தம்பி நிருசனையும் அங்கே நான்தான் சேர்த்துவிட்டேன். அன்று அவன் கரீபியன் தீவொன்றின் பழைய துறைமுக நகரத்தில் நின்றான். வெள்ளைக்கார வியாபாரிகள் கட்டிய தெரு, முழுவதும் சட்டப் பாதுகாப்பில் இருந்தது. அளந்து முடியும்வரை ஒரு பலகையைக்கூட மாற்ற விடமாட்டார்கள். அவன் அளந்த வீட்டின் மரப்படிகள் உளுத்துப்போயிருந்தன. "தம்பியைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று தக்ஷிகா காலையிலும் சொல்லித்தான் விட்டாள்.

நிருசன் ஒவ்வோர் அறையிலும் ஸ்கானரை வைப்பான். அது சுழன்று அறையைப் புள்ளிகளாகப் பதியும். பதிவு இணையத்தில் உடனே எனக்கு வரும். குறுக்கே நிற்கும் ஆட்களும் அதில் விழுவார்கள். அவர்களை அழிப்பது என் வேலை.

பிற்பகல் 2.05, எங்கள் நேரம். முதல் பதிவு. நிருசனைத் தவிர, படியடியில் இன்னோர் ஆள். இருவரையும் அழித்தேன்.

2.17. அடுத்த அறை. அதே ஆள், நிருசனுக்குப் பின்னால். வேலைக்காரனாக்கும் என்று அழித்தேன்.

2.29... 2.41... 2.53... ஒவ்வொன்றிலும் இன்னும் கிட்ட.

3.05. ஆறாவது பதிவு. அந்த ஆளின் கை நிருசனின் தோளில் இருந்தது.

உடனே கைபேசியில் நிருசனை அழைத்தேன்.

"டேய், உன்னோட ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை அத்தான். நான் தனியத்தான்."

"பகிடி விடாதை! கெதியா வெளியில வா!"

"மாடி மட்டும்தான் மிச்சம்..."

கிறீச்... கிறீச்... படி ஏறும் சத்தம்.

"நிருசன்!"

"சரி, சரி... வாறன்."

3.11. தொடர்பு அறுந்தது.

3.20. மறுபடி அழைத்தேன்.

"வெளியில வந்திட்டியோ?"

"ஓம்."

அப்பாடா என்று இருந்தது.

3.26. ஏழாவது பதிவு வந்தது. மாடி.

பொய் சொல்லிவிட்டு ஏறிவிட்டான் என்று கொதித்தேன். அழைத்தேன். எடுக்கவில்லை.

3.38... எட்டாவது.

3.50... ஒன்பதாவது.

இரண்டு பேர்.

தோளோடு தோள் ஒட்டி... ஸ்கானருக்கு மிக அருகில்.

4.25க்கு அந்த ஊர்ப் போலீஸ் அழைத்தது. 3.12க்குப் படி முழுவதும் இடிந்து விழுந்திருக்கிறது. அயலவர்கள் ஓடிப்போனபோதே நிருசனுக்கு உயிர் இல்லை. முதல் பதிவிலேயே அந்த ஆள் யார் என்று கேட்டிருக்கலாம். நான் அழித்துக்கொண்டிருந்தேன், பாவி.

"தம்பி கடைசியா உங்களோட என்ன கதைச்சவன்?" என்று தக்ஷிகா இன்றும் கேட்பாள்.

"வாறன் எண்டவன்" என்பேன். அந்த "ஓம்" பற்றி அவளிடம் சொன்னதில்லை.

ஸ்கானரை மறுநாள்தான் எடுத்தார்கள். மாடி அறையின் நடுவில், அதன் மூன்று காலில் நேராக நின்றதாம். அங்கே ஏற அவர்கள் தெருவிலிருந்து ஏணி வைக்க வேண்டியிருந்தது.