கணவாய்க்கு அந்தப்புறத்துப் புல்

உம்சுனாயை எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். நாரின் என்னும் ஆற்றுக்கு மேலே எங்கள் பள்ளத்தாக்குக்கு நான்தான் கால்நடை மருத்துவர். அவள் ஷார்ஷென் என்கிற மேய்ப்பரின் மனைவி. பிறந்தது கணவாய்க்குத் தெற்கே, வானம் பொய்த்தே கிடக்கும் வறண்ட பூமியில். வாழ வந்தது எங்கள் பக்கம். இங்கே பாதி வருஷம் மேகம், முழங்காலுக்கு மேல் புல்.

"இத்தனை பச்சையைப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது டாக்டரக்கா" என்று வந்த புதிதில் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன்.

அவள் வந்த முதல் வசந்தத்தில் அவர்கள் பட்டியில் குட்டிகள் விழுந்தன. மூன்று வாரம் துள்ளித் திரிந்த குட்டி திடீரென்று ஒரு காலையில் பின்னங்கால்களைக் கட்டை மாதிரி வைத்து நடக்கும். மறுநாள் எழுந்திருக்காது. தாயின் மடி எட்டாமல் பசியிலேயே செத்துப்போகும். அறுத்துப் பார்த்தால் தொடைச் சதை வேகவைத்த மீனைப் போல வெளுத்திருக்கும். வெள்ளைச்சதை என்போம். எல்லா வருஷமும் வருவதுதான், அந்த வருஷம் கூடுதலாக வந்தது. மாமியார் வாய் சும்மா இருக்கவில்லை.

"காஞ்ச ஊர்லேர்ந்து ஒருத்தியைக் கொண்டாந்தோம். வந்த கால் அப்படி."

உம்சுனாயோ, விழுந்த குட்டிகளை மடியில் போட்டுப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருஷம் அறுத்துப்போட்ட புல்லெல்லாம் மழையில் அழுகிவிட்டது. அவளுடைய அண்ணன் ஜுமாதில் ஒரு லாரி நிறையக் காய்ந்த குதிரைமசால் தீவனப்புல்லை ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டி வந்தார்.

"என்ன மச்சான், ஊரெல்லாம் புல்லை வச்சுக்கிட்டு எங்ககிட்ட கையேந்துறீங்க?"

"உன் தங்கச்சி சாப்பிடுற ரொட்டிக்கு இதையாவது கொண்டாந்தியே" என்றார் ஷார்ஷென்.

உம்சுனாய் லாரியின் பின்பக்கம் நின்று ஒரு கை புல்லை உருவி முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அதை முகத்திலிருந்து எடுக்கவேயில்லை.

புல் எல்லா ஆட்டுக்கும் பத்தாது. சின்னக் கொட்டகையில் இருந்த நாற்பது சினை ஆடுகளுக்கு மட்டும் குளிர்காலம் முழுக்க அதைப் போட்டார்கள். வசந்தம் வந்ததும் உம்சுனாய் குதிரையேறி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்கூர்ப் புல்லு தின்ன ஆடுங்களோட குட்டி ஒண்ணுகூட விழல. பெரிய கொட்டாயில பதினொண்ணு போச்சு."

"தற்செயலா இருக்கும்."

"இருக்கட்டும். நீங்க வந்து எண்ணிப் பாருங்க."

போய் எண்ணினேன். அவள் சொன்ன கணக்கு சரி. இரண்டு புல்லிலும் ஒவ்வொரு பிடி, இரண்டு கொட்டகை ஆடுகளின் இரத்தம், எல்லாவற்றையும் தலைநகர் பிஷ்கெக்கில் ஆய்வுக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. செலினியம் என்கிற தாதுச்சத்து. ஊசிமுனையளவு போதும், ஆனால் அது இல்லாமல் சதை பிழைக்காது. அளவு மீறினாலோ நஞ்சு. எங்கள் மண்ணில் அது ஏறக்குறைய இல்லை, அதனால் புல்லிலும் இல்லை. அவள் ஊர்க் குதிரைமசாலில் போதுமான அளவு இருந்தது.

அந்த வீட்டில் தேநீருக்கு உட்கார்ந்திருந்தபோது மாமியாரிடமே சொன்னேன்: "குறை மருமக கால்ல இல்லம்மா. உங்க மண்ணுல."

கிழவி முதல் கிண்ணத்தை உம்சுனாயிடம் நீட்டினாள்.

பிறகு ஆறு வருஷம், இலையுதிர் காலம் வந்தால் ஜுமாதில் லாரியோடு வந்துவிடுவார். மூன்று நாள் தங்குவார். அந்த மூன்று நாளும் உம்சுனாயின் பேச்சே மாறிவிடும். தெற்கத்தி இழுவையில் அண்ணனும் தங்கையும் பேசிச் சிரிப்பது எங்களுக்குப் பாதி புரியாது.

அதற்கப்புறம் செலினியம் ஊசிமருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைக்கத் தொடங்கியது. குட்டி போடுவதற்கு ஒரு மாதம் முன்னால் ஆட்டின் தோலுக்கடியில் ஒரு ஊசி. குட்டிகள் விழுவது நின்றது. ஊரே நிம்மதியானது, நானும் பெருமைப்பட்டேன். உம்சுனாய்க்குக் கை நிதானம் உண்டென்று அவளுக்கே ஊசி போடப் பழக்கிக் கொடுத்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் கேட்டேன்: "அண்ணன் வரலியா?"

"எதுக்கு வரணும்? அதான் ஊசி இருக்கே" என்றாள்.

அடுத்த வருஷமும் அவர் வரவில்லை. மூன்றாம் வருஷம் ஏப்ரலில் ஷார்ஷென் ஆள் அனுப்பினார். நான்கு குட்டிகள் விழுந்து கிடந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மருந்து கெட்டுப்போச்சோ?" என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

ஒரு குட்டியின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த உம்சுனாய் எழுந்து உள்ளே போனாள். துணியில் சுற்றிய மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"பன்னெண்டு ஆட்டுக்கு நான் போடல."

ஷார்ஷென் அவளையே பார்த்தார். "ஏன்?"

"குட்டி விழுந்தா, ஊசி மட்டும் பத்தாதுன்னு அண்ணனைப் புல்லுக்குக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

ஷார்ஷென் விழுந்து கிடந்த குட்டி ஒன்றின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"பாக்கணும்னா சொல்லியிருக்கலாமே" என்றார் அவர்.

"எதுக்குன்னு கேட்டிருப்பீங்க. என்கிட்ட பதில் இல்ல." பிறகு குட்டியைப் பார்த்தபடி, "இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

குட்டிகளுக்கே மருந்தை அளந்து போட்டோம். இரண்டு பிழைத்தன. இரண்டு செத்தன. ஷார்ஷென் அவளைத் திட்டவில்லை. மே மாதம் பனி உருகிக் கணவாய் திறந்ததும் என்னிடம் வந்தார்.

"பத்து நாள் ஆடுங்களை ஒரு கண்ணு பாத்துக்குங்க டாக்டர். அவளைக் கூட்டிட்டுப் போறேன்."

திரும்பியதும் அவர்தான் சொன்னார்: "அங்க என்ன இருக்கு? கல்லு, மண்ணு, வாய்க்கா ஓரமா கொஞ்சம் மசால் வயல். அவ அதுல நடந்துக்கிட்டே இருந்தா. நான் ஒரு கல்லுமேல உக்காந்துட்டேன்."

இப்போது வருஷம் ஒருமுறை போய்வருகிறார்கள். ஆசை தீர்ந்ததா என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன்.

"அண்ணனுக்கும் வயசாச்சு, தூங்கித் தூங்கி விழறாரு. நான் நெனச்சதுல பாதிதான் அங்க இருக்கு அக்கா. மீதி எங்கே இருக்குன்னு தெரியல. ஆனா ஏக்கம் மட்டும் கொறையல."

ஊசியை இன்றும் அவள்தான் போடுகிறாள். போட்ட ஆட்டின் முதுகில் நீலச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இழுப்பாள். கடைசி ஆடும் முடிந்த பிறகு, பட்டியை முதலிலிருந்து இன்னொரு முறை சுற்றிவந்து கோடு இல்லாத முதுகு இருக்கிறதா என்று பார்ப்பாள்.