கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது

இன்று சிதம்பரத்திலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடலூரில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனேன்.

அங்கே இரண்டு பகுதி. ஒன்றில் குளிக்க, சாப்பிட உதவுவார்கள். கேட் திறந்தே இருக்கும். மற்றது ஞாபகம் தப்பியவர்களுக்கு, எப்போதும் பூட்டுதான்.

"அப்பாவ எதுல சேக்கணும்?" என்றார் மேனேஜர் அம்மா.

போன மாதம் அப்பா காணாமல் போய்ப் பரங்கிப்பேட்டையில் கிடைத்ததைச் சொன்னேன். அன்று அவர் கிளம்பியதை எதிர்வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். வெளியே போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாதே என்று சும்மா இருந்துவிட்டார்.

மேனேஜர் அம்மா அப்பாவிடம் பேர், ஊர், காலையில் சாப்பிட்டது எல்லாம் கேட்டார். அத்தனையும் சரியாகச் சொன்னார்.

"நல்லாதாம்மா இருக்காரு. திறந்த பக்கமே போதும்."

எனக்கு உயிர் வந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா பையை எடுத்தார், செருப்பை மாட்டினார். நான், மேனேஜர், வாட்ச்மேன் மூவரும் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வளர்ந்த வளர்ப்பு அப்படி.

ரோட்டில் நின்று பண்ருட்டி பஸ்ஸுக்குக் கை காட்டியபோதுதான் ஓடினேன்.

"அப்பா, எங்க போற?"

"ஆபீசுக்குத்தான். கெளம்புறப்ப எங்கன்னு கேட்டுட்டியே, போற காரியம் உருப்படுமா?"

அவர் ரிட்டயர் ஆகிப் பல வருஷம்.

சகுனம் சரியில்லை என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மறுபடியும் கிளம்பினார்.

சாஸ்திரம் ஒன்றுகூட மறக்காதவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவரிடம் மட்டும் யாரும் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள்.