கிளந்தானிலிருந்து கேட்ட சம்மதம்

பாபநாசத்தில் தஞ்சாவூர் சாலையை ஒட்டித் தார்ப்பாயும் சாக்கும் கயிறும் விற்கிற ஜெக்கரியாவுக்கு இரண்டு வேலை. ஒன்று கடை. இன்னொன்று, ஊரில் யாருக்கு மலேசியாவிலிருந்து போன் வந்து பாஷை புரியாவிட்டாலும் அதை வாங்கிப் பேசுவது. இளவயதில் மலேசியாவில், கிளந்தான் மாநிலத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா வீசியவர். அவர் மலாய் பேசினால் மலாய்க்காரனே தோற்றான் என்று ஊரார் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை, பெருமைக்கு அலைகிற மனிதர்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்டதைக் கேட்டபடி சொல்ல மாட்டார். அங்கே முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினால், இங்கே வீட்டுக்காரியிடம் "முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம்" என்பார். இங்கே அழுகை என்றால் அங்கே "எல்லாரும் சுகம்" என்று முடித்துவிடுவார். யாருக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று அவரே முடிவு கட்டிவிடுவார். அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சம்பா அறுப்பு முடிகிற சமயம். வானம் மூடிக்கொண்டு நின்றதால் கடையில் தார்ப்பாய்க்கு ஒரே தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஷமா உள்ளே வந்தாள். முக்காடு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் ஃபஹத் கிளந்தானில்தான் வேலை பார்க்கிறான். அவனுடைய அண்ணன் அப்துல் ஹமீதும் பின்னாலேயே பைக்கில் வந்து இறங்கினான்.

"மாமா, அங்க ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறாங்க. கன்சென்ட், கன்சென்ட்டுங்கறாங்க. வேற ஒண்ணும் புரியல" என்று போனை நீட்டினாள்.

சாலையில் அறுப்பு மெஷின் ஒன்று உறுமிக்கொண்டு போனது. ஜெக்கரியா கூட்டத்தை வெளியே அனுப்பி ஷட்டரைப் பாதி இறக்கினார். மறுமுனையில் ஒரு பெண் டாக்டர். மலாயில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஜெக்கரியா "யா, யா" என்று கேட்டார். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது.

"ஒண்ணுமில்லம்மா. பைக்குல லேசா அடிபட்டிருக்கு. சின்ன ஆபரேஷன், அதுக்குத்தான் கேக்குறாங்க."

"சின்ன ஆபரேஷனுக்கா மூணு தடவ போன் பண்ணுவாங்க?" ஷமா அவர் முகத்தையே பார்த்தாள். "எதையும் மறைக்காம சொல்லுங்க மாமா."

அதற்குமேல் அவரால் பூசி மெழுக முடியவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். லாரி ஏறிவிட்டது. இடது கால் நசுங்கிப் போய்விட்டது. ரத்த ஓட்டம் நின்று விஷம் உடம்புக்குள் ஏறுகிறது. உடனே காலை எடுக்க வேண்டும். ஃபஹதுக்கு நினைவில்லை. கூடத் தங்கியிருந்த ஃபாஜில்தான் இந்த நம்பரைக் கொடுத்திருக்கிறான். ஆனால் அவன் சொல் செல்லாது, குடும்பத்தில் கேட்கிறார்கள்.

ஷமா தார்ப்பாய்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியாதுன்னு சொல்லுங்க பாய்" என்றான் ஹமீது. "கால் இல்லாம வந்து என்ன பண்ணுவான்? வேற டாக்டர பாக்கச் சொல்லுங்க. நான் அவன் அண்ணன், நான் சொல்றேன்."

ஜெக்கரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த முட்டாளோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. ஒரே வார்த்தை, செதுஜு, சம்மதம். அதை அவரே சொல்லிவிட்டால் ஒரு உயிர் பிழைக்கும். வாயைத் திறந்தும்விட்டார். அதற்குள் டாக்டர் கேட்டார், மனைவிக்கு எல்லாம் விளங்கியதா, அவர் என்ன சொல்கிறார் என்று.

ஜெக்கரியா ஷமாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது, லேசாக ஆடியது. அது தலையசைப்பா நடுக்கமா?

அவளுடைய நிக்காஹ் நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. உள்ளே போய்ச் சம்மதம் கேட்டு வந்த பெரியவர்களில் அவரும் ஒருவர். அன்றும் இதே குனிந்த தலைதான். சபையில் வந்து, பெண்ணுக்குச் சம்மதம் என்று சொன்னது அவர் வாய்தான். அவள் வாய் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அது வழக்கமாகத்தான் இருந்தது. இன்று அது போதாது என்று அவருக்குப் பட்டது.

"இந்தா பாரும்மா" என்று அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நம்ம ஊருல ஆஸ்பத்திரியில நீட்டுன இடத்துல கையெழுத்துப் போடுவோம்ல, அது இல்ல கன்சென்ட்டு. 'இஸின்'னு மலாய்ல ஒண்ணு இருக்கு, அது வெறும் அனுமதி. இவங்க கேக்குறது 'பெர்செதுஜுவான்', சம்மதம். என்ன செய்யப்போறாங்க, செஞ்சா என்ன ஆகும், செய்யலன்னா என்ன ஆகும், எல்லாத்தையும் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு நீயா சரின்னு சொல்லணும். வேணாம்னும் சொல்லலாம். ஹமீதும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது."

"பாய், பொம்பளகிட்டப் போய்..." என்று ஹமீது ஆரம்பித்தான்.

"வாய மூடு ஹமீது!"

ஷமா நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"முட்டிக்கு மேலயா கீழயா, கேளுங்க மாமா."

கேட்டார். கீழே. தாமதித்தால் மேலே போகும்.

"எடுக்கலன்னா?"

டாக்டர் தயங்கிவிட்டுச் சொன்னார். ஷமாவின் வயது, அவளுடைய சின்னக் குழந்தை, எல்லாம் ஜெக்கரியாவின் கண்முன் வந்து நின்றன. ஆனாலும் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

"விடியறதுக்குள்ள மவுத்தாயிடலாங்கறாங்கம்மா."

"எடுத்தா பொழைப்பாங்களா?"

"பெரும்பாலும் பொழைப்பாங்கறாங்க. சத்தியம் பண்ண முடியாதாம்."

ஷமா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். 'நான் சம்மதிக்கிறேன்' என்பதை மலாயில் அவர் சொல்லிக்கொடுத்தார். அவள் குரல் உடைந்தது, நின்றது, மறுபடி தொடங்கியது.

"சாயா செதுஜு."

இன்னொரு டாக்டரும் கேட்பதற்காகத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். இரண்டாவது முறை தெளிவாகச் சொன்னாள். போன் வைக்கப்பட்டது.

ஹமீது சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அழுதான். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அழுகையோடு கோபமும் வந்தது.

"கண்ணு முழிச்சு, 'என் கால வெட்டச் சொன்னது யாரு'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

ஷமா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"கேக்கட்டும் மச்சான். கேக்குறதுக்கு அவங்க இருக்கணும்னுதான் சொன்னேன்."