கஞ்சி டம்ளரோடு வந்த வீட்டுக்காரம்மா

போன வருடம் வரமகாலட்சுமி நோன்பு சமயம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா. கன்னடக்காரர், என் வயதுதான் இருக்கும்.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாதக்கணக்கில் வயிற்றுவலி, மலத்தில் ரத்தம். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம் என்றாகிவிட்டது. பூச்சி மருந்து, அந்த மருந்து, இந்த மருந்து எல்லாம் கொடுத்து ஓய்ந்தபின் குழந்தைகளுக்கான குடல் மருத்துவரிடம் போனோம். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குடலில் அங்கங்கே புண், ‘குரோன்ஸ்’ என்றார். ஆயுசுக்கும் கூடவே வரும் நோயாம்.

ஸ்டீராய்டு கொடுத்தால் வளர்த்தி பாதிக்கலாம், முதலில் உணவாலேயே குடலை ஆற்றிப் பார்ப்போம் என்று ஒரு சத்து மாவை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் அதைக் கரைத்துக் குடிக்க வேண்டும், கூடத் தண்ணீர் மட்டும். ஒரு வாய் சோறுகூடக் கூடாது. இடையில் விட்டால் ஸ்டீராய்டுதான்.

பிள்ளை சாப்பிடாத வீட்டில் என்னத்தைச் சமைப்பது? தாளிப்பதையே நிறுத்தினேன். நானும் கணவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, திருடர்கள் மாதிரி தயிர்சாதத்தை விழுங்கினோம். அவள் வெளியே தனியாக உட்கார்ந்து குடிப்பாள். சில வாரங்களில் டம்ளர் பாதியிலேயே நிற்க ஆரம்பித்தது. கெஞ்சினேன், அதட்டினேன், அழவும் செய்தேன். மிச்சம் வைத்த டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டீராய்டு ஞாபகம்தான் வந்தது.

வெளியே மூச்சு விடவில்லை. பெண் பிள்ளை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஒட்டுவாரொட்டி நோய் என்று நினைத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டால்? அவளையும் வாயைத் திறக்காதே என்று மிரட்டி வைத்திருந்தேன்.

நோன்பன்று வீட்டுக்காரம்மா மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியுமா? போனதும் மகள் கையில் நெய் மினுங்கும் ஒப்பட்டுத் தட்டை, நம்மூர்ப் போளிதான், வைத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் போட்டுவிடுவாளோ என்று எனக்குப் படபடப்பு. நான் ஏதோ சாக்குச் சொல்வதற்குள் அவளே தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்குக் குடல்ல புண்ணு ஆன்ட்டி. ரெண்டு மாசத்துக்கு மாவுதான் கரைச்சுக் குடிக்கணும். அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க.”

வந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அழைப்பு மணி. வீட்டுக்காரம்மா, கையில் மூடி போட்ட டம்ளர். காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“பாப்பா குடிக்கற டைம் இதுதானே? நா ராகி கஞ்சி எடுத்துட்டு வந்தேன். எனக்கும் ஒண்டியா குடிக்க பேஜாரு.”

சொல்லிவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடக் கதை, டீச்சர் கதை எல்லாம் ஓடியது. பார்த்தால் இரண்டு டம்ளரும் காலி.

அதன்பின் தினமும் வந்தார். அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். குடித்துக்கொண்டே சொன்னாள்.

“பசிகூடப் பரவாயில்லம்மா. நீங்க ரெண்டு பேரும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவீங்க பாரு, அதான் கஷ்டமா இருந்துச்சு.”

அன்றிலிருந்து கணவருக்கும் சாயங்காலம் கஞ்சிதான். முனகிக்கொண்டே குடித்தார், பாவம்.

இரண்டு மாதம் முடிந்து பரிசோதனை செய்தார்கள். முடிவு வரும்வரை உயிர் என்னிடம் இல்லை. புண் நன்றாக ஆறி வருகிறது, ஸ்டீராய்டு வேண்டாம், வேறு மாத்திரையில் தொடரலாம் என்றார் மருத்துவர்.

நோய் போய்விடவில்லை. இன்றும் அவள் பாத்ரூமில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே போய் நின்றுவிடுகிறேன். பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவள் நல்லதுக்கென்று நினைத்து, அவளை வெளியே விட்டு, நான் எந்தக் கதவையும் இப்போது சாத்துவதில்லை.