தெருவே கொடுத்த கோதுமை

யுத்த காலம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அப்போது நாங்கள் விராலிமலையில் மலையடிவாரத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் திருச்சி ரோட்டில், பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டர். மூத்த மகள் அப்போதுதான் ஓடியாட ஆரம்பித்திருந்தாள்.

ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். அதை என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சிலர் அரிசி மாதிரி உலையில் போட்டுவிட்டு, வேகவே இல்லையே என்று திட்டினார்கள். நான் இடித்துக் கஞ்சி காய்ச்சினேன். மகள் ஆசையாகத்தான் குடித்தாள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வயிறு உப்பியது, கைகால் குச்சியாயின. ஓடிய பிள்ளை சுவரோரம் உட்கார்ந்துவிட்டது. வைத்தியர் கணைச்சூடு என்று மருந்து கொடுத்தார். "கோதுமக் கஞ்சிய மட்டும் விட்றாதீங்க, அதுதான் சத்து" என்றார்.

யார் வீட்டிலும் வயிறு நிறையாத காலம் அது. ஆனாலும் எதிர்வீட்டு அக்கா தன் பங்குக் கோதுமையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நிற்பார். "எங்களுக்குக் கேப்பை கெடக்கு ஆத்தா. நீ ஒம் புள்ளைக்குக் காய்ச்சிக் கொடு." அவரைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் கொடுத்தார்கள். நான் ஒரு மணி சிந்தாமல் எல்லாவற்றையும் அவளுக்கே ஊட்டினேன். அவளோ நாளுக்கு நாள் தேய்ந்தாள்.

வேறு கதியில்லாமல் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். பிள்ளை எழுந்து நடக்கிறவரை வீட்டில் விரதச் சோறுதான் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். எங்கள் வழக்கத்தில் விரதச் சோறு என்றால் சாமை. கவுச்சி கூடாது, நெல்லும் கூடாது. புதிதாக வந்த கோதுமைக்கும் அதில் இடமில்லை.

"புள்ளைக்குமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அவளுக்காகத்தாங்க நேந்தது" என்றேன்.

சாமையைக் குழைய வடித்து, பாசிப்பயறும் முருங்கைக்கீரையும் சேர்த்து மசித்துக் கொடுத்தேன். நோயாளிப் பிள்ளைக்குப் போய் இதைக் கொடுக்கிறேனே என்று கண்ணீர் வரும். ஆனால் வயிற்றுப்போக்கு நின்றது. உப்பிய வயிறு வடிந்தது. ஒருநாள் காலை அவளாகச் சுவரைப் பிடித்து எழுந்து அடுப்படிக்கு வந்து, "சோறு" என்று கை நீட்டினாள். அன்று நான் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

நேர்ந்தது பலித்துவிட்டது. பலித்தால் விரதத்தை முடிக்க வேண்டும், அதுதானே முறை? மலையேறி அவளுக்கு முடி இறக்கிவிட்டு வந்தோம். எதிர்வீட்டு அக்கா கோதுமை மாவில் கருப்பட்டி போட்டுக் களி கிண்டிவைத்துக் காத்திருந்தார். முதல் வாயை அவர்தான் ஊட்டினார். "சாமி கண்ணத் தொறந்துட்டாரு. இனிமே நல்லாத் தின்னு தேறட்டும்."

மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை இன்னும் மோசம். சின்ன வேண்டுதலுக்கே இரங்கிய சாமி பெரிய வேண்டுதலுக்கு இரங்காமலா போவார் என்று பால்குடம் நேர்ந்தோம். சாப்பாட்டு விரதம்தான் முடிந்துவிட்டதே, அதனால் கஞ்சியும் நிற்கவில்லை. பால்குடம் எடுக்க அவள் எங்களுக்கு வேலை வைக்கவில்லை. போய்விட்டாள்.

இதெல்லாம் ஏன் நடந்தது என்று எனக்குத் தெரிய ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. சின்ன மகளின் பேத்திக்கு அதே உப்பிய வயிறு, அதே குச்சிக் கால். திருச்சியில் பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இந்தக் குழந்தைக்குக் கோதுமையே ஆகாது. அரிசி, கேப்பை, சாமை எது வேண்டுமானாலும் கொடுங்கள்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. நான் மூத்தவளுக்கு ஊட்டிய கஞ்சியை ஒவ்வொரு வாயாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தைக்கு நான்தான் சமைத்தேன். தேறிவிட்டாள். அவள் தட்டை வழித்துத் தின்னும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், வருவதில்லை.

எதிர்வீட்டு அக்கா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை என் மகளின் பேச்சு வந்தால், "ஏதோ எங்களால ஆனதக் கொடுத்தோம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பார். அந்த நிம்மதியோடு அவரும் அந்தத் தெருக்காரர்களும் போய்விட்டார்கள். என்ன கொடுத்தோம் என்று தெரிந்துகொண்டு உயிரோடு இருப்பதற்கு நான் ஒருத்திதான் மிச்சம்.